படையில் பெயர் ஏறும் முன் அடிபட்டால்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வெளியே வரும் கான்ட்ராக்ட் பையன்களில் சிலர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. தோள்பையில் ஷூ இருக்கும். இரவெல்லாம் உலை வெக்கைக்கு எதிரே நின்ற உடம்போடு ஏரிக்கரைக்கோ பள்ளி மைதானத்துக்கோ ரன்னிங் போகிறார்கள். கேட்டால் ‘ஆர்மி செலெக்‌ஷன்’ என்பார்கள். 2024-ல் ‘அமரன்’ படம் வந்தபிறகு ‘கமாண்டோ’ என்ற சொல்லும் கூடச் சேர்ந்துகொண்டது. அந்தப் படத்தின் நாயகனான மேஜர் முகுந்த் வரதராஜன் கமாண்டோ படைக்காரர் அல்ல, 44-வது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தவர் என்பதை இவர்களிடம் யாராவது சொன்னால் நல்லது.

நேராகப் போய்ச் சேர கமாண்டோ வேலை என்று ஒன்று இல்லை. ராணுவத்தின் பாரா சிறப்புப் படையானாலும், கடற்படையின் மார்கோஸ் ஆனாலும், விமானப்படையின் கருட் ஆனாலும், முதலில் படையில் பெயர் சேர வேண்டும். அடிப்படைப் பயிற்சி முடிய வேண்டும். அதற்குமேல் தூக்கத்தையும் சோற்றையும் குறைத்துச் சோதிக்கும் கடும் தேர்வில் தேற வேண்டும். பெரும்பாலானவர்கள் பாதியில் திரும்பிவிடுவார்கள். ‘நேரடி கமாண்டோ பயிற்சி, வேலை உறுதி’ என்று எங்காவது பேனர் கட்டியிருந்தால் அது பொய்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பையனுக்கு முதல் வாசல், ராணுவத்தின் நான்காண்டுப் பணிக்கான அக்னிவீர் தேர்வு. 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில். அதில் தேறினால்தான் கிரவுண்டு. அங்கே 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. நானூறு மீட்டர் சுற்று ஒவ்வொன்றையும் 82 விநாடியில் முடிக்கிற வேகம் அது. புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40 மதிப்பெண். ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதும், வளைந்து போகும் கட்டை மேல் விழாமல் நடப்பதும் தேறினால் போதும். இந்த அளவுக்கு உடம்பைக் கொண்டுவர நான்கைந்து மாதம் ஒழுங்காகச் செய்தால் போதும். அறிவிப்பு வந்தபிறகு முப்பது நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று இறங்குகிறவர்கள்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். அதன்மேல் வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது, விரிசலை முறிவாக்கும் வேலை.

இதைவிடப் பெரிய ஆபத்து வெயில். 2013 ஜூலை 13 அன்று வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படைக்கான தேர்வு நடந்தது. முதுகுச் சுமையோடு 26 கிலோமீட்டர் நடை. வெப்பத்தால் மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் ரிசர்வ் வீரர்கள். அதாவது வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் படையில் இருந்தவர்கள். சிலர் முன்னதாகவே வெப்பத்தால் சுருண்டு விலகியபோதே நடையை நிறுத்தியிருக்க வேண்டும், கவனக்குறைவும் இந்தச் சாவுகளுக்குக் காரணம் என்று 2015-ல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். நம் மே மாதத்தோடு ஒப்பிட்டால் அந்த ஊர் வெயில் ஒன்றுமே இல்லை. நம் நாட்டிலேயே, 2024 ஆகஸ்ட் கடைசியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு 10 கிலோமீட்டர் ஓடவிட்டதில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் தேர்வைச் சில நாள் நிறுத்தி, காலை ஒன்பது மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்றது அரசு. ஒன்பது மணி வெயில் என்ன செய்யும் என்று தெரிய அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது.

கூட ஓடுகிறவர்கள் ஒன்றைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன் கால் பின்னி நடக்கிறான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான், காரணமில்லாமல் எரிந்து விழுகிறான் என்றால் அது களைப்பல்ல, மூளை சூடாகிவிட்டது. உடம்பு இன்னும் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, கைக்குக் கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்ற வேண்டும். பம்புசெட் தொட்டி பக்கத்தில் இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறக்கிவிடலாம். சுயநினைவு தெளிவாக இல்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது. கடும் பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கறுத்து வந்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருளாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.

நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் வேக ஓட்டம் வேண்டாம். தூங்கி எழுந்து மாலையில் ஓடலாம். லாரி போகும் சிப்காட் சாலையும் உருக்காலைப் புகை இறங்கும் பக்கமும் நுரையீரலுக்கு ஆகாது; கொஞ்சம் தள்ளி ஏரிக்கரைக்குப் போகலாம். பெட்டிக்கடை எனர்ஜி டிரிங்க், ஜிம்மில் கிடைக்கும் ஊசி எதுவும் வேண்டாம். ஊக்கமருந்து கண்டுபிடிக்கப்பட்டால் தகுதி நீக்கம் என்று ஆள்சேர்ப்பு அறிவிக்கையிலேயே இருக்கிறது.

இனி, அடிபட்டால் யார் பொறுப்பு? தேர்வுக் களத்தில் நுழையும் முன் இழப்பீட்டு உறுதிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். ஓட்டத்தில் அடிபட்டால் ராணுவம் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். பையன்கள் வாசிக்காமல் போடும் கையெழுத்து அது. ராணுவப் பயிற்சி மையத்தில் பெயர் சேர்ந்தபிறகு கதை வேறு. அக்னிவீருக்கு 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. பணியின் காரணமாக ஊனம் ஏற்பட்டால், அளவைப் பொறுத்து 15, 25 அல்லது 44 லட்சம் கருணைத் தொகை. ஆனால் காயம் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். ‘உஸ்தாத் திட்டுவார்’ என்று பயிற்சியாளருக்குப் பயந்து வலியை மறைக்காமல் அன்றே எம்.ஐ. ரூம் எனும் படை மருத்துவ அறையில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். தொகையைத் தர மறுத்தால் வழக்குப் போட ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. அதிகாரிப் பயிற்சியில் அடிபட்டு வெளியேற்றப்பட்ட கேடட்கள் முன்னாள் படைவீரர் கணக்கில்கூட வராமல் பல்லாண்டு தவித்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அவர்கள் நிலையை விசாரணைக்கு எடுத்தது.

ஆக, பெயர் சேரும் முன்புள்ள மாதங்களில் இந்தப் பையனுக்கு இருக்கும் ஒரே காப்பு பெரும்பாலும் இ.எஸ்.ஐ. அட்டைதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு, வேலைக்கு வெளியே மைதானத்தில் கால் முறிந்தாலும் இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு. தகுதி நாட்கள் இருந்தால் விடுப்புக் காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதமும் வரும். அதைத்தான், ‘வேலையை விட்டுட்டு ஹாஸ்டல்ல தங்கு தம்பி, மூணே மாசம்’ என்று ஆர்மி பயிற்சி அகாடமிக்காரர் சொன்னதும் முதலில் இழக்கிறார்கள். என்னைக் கேட்டால் வேலையை விடாதே என்பேன். விட்டே ஆக வேண்டுமென்றால், அகாடமியில் ரசீது வாங்கு. அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்காதே. அதைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சொன்ன பயிற்சி தராமல் பணத்தையும் திருப்பவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் அழைத்து வழி கேட்கலாம்.

மனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடும் தேர்வுகளில் தாக்குப்பிடிக்கிறவர்கள் முழு நாளையும் நினைப்பதில்லை. அடுத்த திருப்பம் வரை, அடுத்த வேளைச் சோறு வரை என்று துண்டு போட்டுக் கடக்கிறார்கள். வீட்டிலேயே பழகக்கூடியது அது. ‘வயசு முடியுது, இதுதான் கடைசி சான்ஸ்’ என்று அப்பாவும் அத்தையும் தினம் சொல்வது பையனின் காலுக்குப் பலம் தராது. அக்னிவீரிலேயே நான்கு ஆண்டுக்குப் பிறகு 25 சதவீதம் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்கு வேறு வேலை வேண்டும். அதனால் ஐ.டி.ஐ. சான்றிதழை முடித்து வைத்துவிட்டு ஓடுகிறவனுக்குத் தூக்கம் நன்றாக வரும். மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்றால் அங்கேயே உடைந்துவிட வேண்டாம். குறித்த நாட்களுக்குள் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம். மனம் தாங்கவில்லையென்றால் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

‘மெடிக்கல்ல ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் குடுங்க’ என்று புரோக்கர் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் போலீசுக்குப் போகத் தயங்காதீர்கள்; ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அக்னிவீர் ஆன்லைன் தேர்வுக்கு ராணுவம் வாங்கும் கட்டணம் 250 ரூபாய்.