மாருதமும் காவிரியும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் துறைச் சுற்றுலாவில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமான அருங்காட்சியகத்தைக் கண்டோம். அங்கு நிற்கும் விமானங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதன் பெயர் மாருத்.

இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம் அதுதான். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலில் பறக்கவிட்டார். ஒலியைப் போல் இருமடங்கு வேகம் என்பது குறிக்கோள். கூரிய மூக்கையும் பின்சாய்ந்த இறக்கைகளையும் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒலியின் வேகத்தை எட்டுவதே அதற்குப் பெரும்பாடாயிற்று!

காரணம் என்ன? விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, எதிரேயுள்ள காற்று விலக அவகாசமின்றி நெருக்குண்டு அதிர்ச்சி அலையாகிறது. தடை சட்டென ஏறிவிடும். அதை மீற மிகுந்த உந்துவிசை வேண்டும். மாருத்துக்கென நினைத்திருந்த ஆர்ஃபியஸ் 12 என்ஜின் பாதியில் கைவிடப்பட்டது. மிச்சச் செலவை ஏற்க நம் அரசும் முன்வரவில்லை. கிடைத்தது ஆர்ஃபியஸ் 703. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,200 கிலோ உந்துவிசை. விமானத்துக்கு இரண்டு என்ஜின்கள் இருந்தும் போதவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வாழைத்தோட்டத்துப் பம்புசெட்டைக் கவனிக்கும் என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஏழரை எச்.பி. போட வேண்டிய போர்ல மூணை மாட்டினா தண்ணி எப்படிடா ஏறும்?" என்றார். பள்ளிக்கூடம் போகாதவர்!

வெளியேறும் சூடான வாயுவில் எஞ்சியுள்ள ஆக்சிஜனில் மேலும் எரிபொருளைத் தெளித்து எரித்தால் உந்துவிசை கூடும். அவ்வாறு அமைத்த மாருத்தைச் சோதிக்கையில்தான், 1970 ஜனவரி 10 அன்று, சுரஞ்சன் தாஸ் உயிர்நீத்தார். 1971 போரில் லோங்கேவாலாவில் தரைத்தாக்குதலுக்குப் பயன்பட்ட மாருத், 1990இல் ஓய்வு பெற்றது.

தேஜஸ் விமானத்துக்கென நாமே ஒரு என்ஜினை உருவாக்கத் தொடங்கினோம். அதற்கு இட்ட பெயர் காவிரி! அம்மா மண்டபத்துப் படித்துறையை நனைக்கும் நம் ஆறுதான். 2008இல் காவிரி அத்திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க என்ஜினில் பறக்கிறது.

ஏன் இத்தனை கடினம்? டர்பைன் அலகுகளின்மேல் மோதும் வாயு, அந்த உலோகத்தின் உருகுநிலையையும் மிஞ்சிய சூடுள்ளது. அலகினுள் நுண்வழிகள் அமைத்துக் காற்றோட்டிக் குளிர்விக்கிறார்கள். திருவெறும்பூர்க் கொதிகலன்களை அறிந்த நமக்குச் சூட்டில் உலோகம் படும் பாடு புதிதல்ல. ஆயினும் கொதிகலன் குழாய் அசையாமல் நிற்பது. இந்த அலகோ நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. சுழற்சி அதை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். பல படிகங்கள் சேர்ந்த உலோகமானால், படிகங்களின் எல்லைகளில் மெல்ல நெகிழ்ந்து விரிசல் விடும். ஆகவே முழு அலகையும் ஒரே படிகமாக வார்க்க வேண்டும்.