கேட்டது கிடைக்காதவரின் ஜெபம்

ஜெபம் பண்ணினால் நோய் போகும், வேலை கிடைக்கும், விசா வரும். நம்ம சபைகளில் சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டது கிடைக்காதவர் மட்டும் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேதத்தில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. தன் சரீரத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார் என்று 2 கொரிந்தியர் 12-ம் அதிகாரம் சொல்கிறது. முள் போகவில்லை, அதைத் தாங்குகிற கிருபைதான் வந்தது. கெத்செமனேயில் இயேசுவும் மூன்று முறை ஜெபித்தார். பாத்திரம் விலகவில்லை. ஆனால் வியாகுலத்தோடு தரையில் விழுந்தவர், பிடிக்க வந்தவர்களை ஓடாமல் எதிர்கொண்டார்.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலாகக் கடைசி வரிகூட கிடையாது. அதுவும் ஜெபம்தான்.

தனி ஜெபத்தில் சுகம் தொடங்குவது இங்கேதான். சபையில் சொல்ல முடியாததைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம். ஊரில் அப்பாவின் அடக்கத்தை வீடியோவில் பார்த்த துக்கம், மேனேஜர் மேல் இருக்கிற கோபம், ஏன், கடவுள் மேலேயே இருக்கிற கோபம். அழகான வார்த்தை வேண்டாம். பிள்ளைகள் தங்களுக்கு வந்த மொழியில் பேசட்டும். அம்மா தமிழிலேயே அழட்டும்.

ஒன்று மட்டும். மனச்சோர்வுக்கு டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. பவுல் தன் உடன் ஊழியரான லூக்காவை வைத்தியன் என்றே குறிப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்தாமல் ஜெபியுங்கள்.