கண்ணாடித் தகடுகளில் சிட்னி – 7: பெயர் எழுதப்படாதவர்கள்

சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள டைரல் தொகுப்பில் சுமார் 7,900 கண்ணாடி நெகட்டிவ்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சார்ல்ஸ் கெர்ரி, ஹென்றி கிங் ஆகியோரின் ஸ்டூடியோக்களில் உருவானவை. அவற்றை வாங்கிப் பாதுகாத்த புத்தக வியாபாரி ஜேம்ஸ் டைரலின் பெயரே தொகுப்புக்கு நிலைத்துவிட்டது.

படங்களைப் பார்த்துக்கொண்டே போனால் டிராமும் அருவியும் மாறி மாறி வரும். காரணம் வியாபாரம்தான். இவை சுற்றுலாப் பயணிகளுக்கும், பிற்பாடு தபால் அட்டை வாங்குவோருக்கும் விற்பதற்காக எடுத்தவை. எங்கள் நகரம் நவீனமானது என்று சொல்ல டிராம். எங்கள் நாடு அழகானது என்று சொல்ல அருவி. ஜார்ஜ் தெருவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1899 டிசம்பரில். மெட்ராஸ்காரர்கள் 1895லேயே மின்சார டிராமில் ஏறிவிட்டார்கள் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை. அருவிகளுக்கோ சிட்னியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் ரயிலேறி நீல மலைக்குப் போகவேண்டும்: கட்டூம்பா, லூரா, வென்ட்வொர்த்.

மலையிடுக்கில் வெளிச்சம் குறைவு. கேமராவின் கண்ணை அதிக நேரம் திறந்துவைத்ததால் விழும் நீர் வெள்ளைத் துணியாகத் தெரியும். படத்தின் அடியில் இடத்தின் பெயரும் ஸ்டூடியோவின் பெயரும் பொறித்திருக்கும்.

கெர்ரி பூர்வகுடி மக்களையும் படமெடுத்தார். அருவிக்குப் பெயர் உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு. ஆனால் இந்த மனிதர்களில் பலருக்குப் படத்தின் அடியில் பெயர் இல்லை.

அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று தேடினால் அதே டிராமும் அதே அருவியும்தான் வழிகாட்டுகின்றன. 1902இல் டிராம் பாதை லா பெரூஸ் கடற்கரைவரை நீண்டது. அங்கே பூர்வகுடிக் குடியிருப்பு இருந்தது. விடுமுறை நாளில் வந்திறங்கும் கூட்டத்திடம் ஆண்கள் பூமராங் வீசிக்காட்டி விற்றார்கள். பெண்கள் சிப்பி ஒட்டிய பெட்டிகளையும் குட்டிக் காலணிகளையும் விற்றார்கள். அந்தக் கைவேலை இன்றும் அங்கே தொடர்கிறது.

கட்டூம்பா அருவிக்கு மேலே, அந்த ஓடை வரும் பள்ளத்தின் பெயர் ‘தி கல்லி’. கண்டுங்குரா, தருக் இன மக்கள் அங்கே வீடு கட்டி வாழ்ந்தார்கள். 1957இல் கார்ப் பந்தயப் பாதை போடுவதற்காக அவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தார்கள். 1961இல் பந்தயம் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரி 25 அன்று சிட்னியின் கடைசி டிராமும் ஓடி முடிந்தது; அது போய்ச் சேர்ந்த இடம் லா பெரூஸ்.

டிராமுக்கு ஏங்கியவர்கள் நிறையப் பேர். லோஃப்டஸில் அதற்கென்றே அருங்காட்சியகம் அமைந்தது; 2019இல் ஜார்ஜ் தெருவுக்கே தண்டவாளம் திரும்பி வந்தது. தி கல்லி ‘பூர்வகுடித் தலம்’ என்று அரசின் அங்கீகாரம் பெற 2002 ஆகிவிட்டது. வீடுகள் திரும்பவில்லை.

விற்பதற்காக எடுத்த படத்தை வரலாறாக வாசிக்கும்போது, வாங்கியவர் எதைப் பார்க்க விரும்பினார் என்பதுதான் முதலில் தெரிகிறது. மற்றதை அறிய, அந்தப் படம் எடுத்த இடத்துக்கே போய் அங்குள்ள குடும்பங்களிடம் கேட்கவேண்டும்.

அடுத்த வாரம்: ஓப்பரா ஹவுஸ் எழுவதற்காக 1958இல் இடிபட்ட, கோட்டை வடிவ டிராம் கொட்டகை.

(தொடரும்)