ஊசி வேண்டாம், ஓட்டமே போதும்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ரத்தக் குழாய்கள் பளிச்சென்று தெரிய, காடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுவது வழக்கம். அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சில பழைய காடோலினிய மருந்துகளால் தோல் தடித்து இறுகிப்போகலாம் என்று 2006-இல் தெரியவந்தது. இன்றைய மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் மருந்தே இல்லாமல் குழாயைப் பார்க்க வழி இருக்கிறது என்பதுதான் பெரிய வியப்பு.

ஸ்கேனருக்குச் சிக்னல் தருபவை உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள். ரேடியோ அலைத் துடிப்பு அவற்றைச் சாய்க்கும். அவை மீண்டும் நிமிரச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரம் தராமல், சில பத்து மில்லிவினாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தால், அசையாத மூளைத் திசு களைத்து மங்கிவிடும். கழுத்திலிருந்து புதிதாக ஏறிவரும் ரத்தமோ அடி வாங்காதது. முழு பலத்தோடு சிக்னல் கொடுத்து வெள்ளையாக ஒளிரும். இதுதான் 'டைம் ஆஃப் ஃப்ளைட்' முறை.

சிக்கல் மெதுவாக ஓடும் ரத்தத்தில்தான். நீண்ட தூரம் போவதற்குள் அதுவும் அடி வாங்கி மங்கிவிடும். அதனால் தலையை மெல்லிய பகுதிகளாகப் பிரித்து, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் படியும்படி எடுக்கிறார்கள். ரத்தம் நுழையும் இடத்தில் துடிப்பை மென்மையாக வைத்து, வெளியேறும் இடத்தை நோக்கிக் கூட்டிக்கொண்டே போவதும் உண்டு. ஸ்கேன் நேரத்தை நீட்டினால் தெளிவு கூடும்தான். ஆனால் இருமடங்கு தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம், அதுவரை நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். 3 டெஸ்லா காந்தம் இதைவிட நல்ல வழி. 1.5 டெஸ்லாவைவிடச் சிக்னல் ஏறக்குறைய இருமடங்கு. திசு நிமிரவும் கூடுதல் நேரம் எடுப்பதால் பின்னணி இன்னும் கறுக்கும்.

கால் தமனிகளுக்கு ராபர்ட் எடல்மன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட 'குயிஸ்' முறை எனக்கு மிகவும் பிடித்தது. இதயத் துடிப்பை ஈ.சி.ஜி. காட்டியதும், ஒரு மெல்லிய துண்டில் உள்ள சிக்னலை முதலில் அழித்துவிடுகிறார்கள். பிறகு கால் வினாடி போலச் சும்மா காத்திருக்கிறார்கள். இதயம் தள்ளிய புது ரத்தம் அந்த இடைவெளியில் பாய்ந்து நிரம்ப, உடனே படம்.

குறையும் உண்டு. கடுமையாகச் சுருங்கிய இடத்தில் ரத்தம் சுழன்று சிக்னல் சிதறுவதால், அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியலாம்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் ஸ்கேனுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். ஊசியில்லாமல் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.