பொழுது இருக்கும்போதே ஏற்றுங்கள்

தாராசுரத்தைச் சுற்றி அறுவடை தொடங்கிவிட்டால் இரவு, பகல் என்ற பேச்சே கிடையாது. மழைக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று அறுவடை இயந்திரம் நடுநிசியிலும் வயலில் ஓடும். களத்தில் நெல் குவியும். நேரடி கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூட்டை ஏற்ற லாரிகள் காத்திருக்கும். இந்த மாதிரி வேலைகளுக்கென்றே இருக்கிறது சக்கரம் வைத்த டவர் லைட். கீழே டீசல் எஞ்சினும் ஜெனரேட்டரும், நடுவில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரும்புக் கம்பம், உச்சியில் நான்கு போகஸ் விளக்குகள். கைப்பிடியைச் சுற்றினால் கம்பம் ஏறும், சாவியைத் திருப்பினால் களம் முழுக்க வெளிச்சம். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கம்பம் முழுதாக நீண்டால் பெரும்பாலும் 9 மீட்டர் வரும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டரிலும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டரிலும் இருக்க வேண்டும். தெருவை விட்டு வயல்வெளிக்குள் போனால் 11 கிலோவோல்ட் வெறுங்கம்பிக்கே 4.6 மீட்டர் போதும் என்கிறது விதி. அதாவது, எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கிற இடத்திலேயே, பாதிக்கு மேல் ஏறும்போதே கம்பம் மின்கம்பியின் உயரத்தைத் தொட்டுவிடும்.

உயரமான பொருளும் மின்கம்பியும் சந்தித்தால் என்ன ஆகும் என்று தஞ்சை மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மின்விளக்கு அலங்காரத்தோடு வந்தபோது உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அது தேர், இது விளக்குக் கம்பம். ஆனால் கம்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெளிச்சத்தில் நின்றவர்களின் கண்ணுக்கு மேலே இருந்த இருட்டில் ஓடிய கம்பி எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மனம் ஆறவில்லை.

அதனால் நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இருட்டில் எரிய வேண்டிய விளக்கை வெயில் இருக்கும்போதே நிறுத்தி, ஏற்றிவிட வேண்டும். இருட்டிய பிறகு கறுத்த வானத்தில் கறுத்த கம்பி தெரியாது. டார்ச் அடித்தாலும் பாதிதான் தெரியும். பகலில் அண்ணாந்து பார்த்து, கம்பம் சாய்ந்து விழுந்தாலும் எந்தக் கம்பியையும் தொடாத தூரம் இருக்கிறதா என்று அளந்து நிறுத்துங்கள். ஒருவர் கைப்பிடியைச் சுற்றட்டும், இன்னொருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் மேலே மட்டும் பார்க்கட்டும். கம்பம் மின்கம்பியைத் தொட்டால், தரையில் நின்று இரும்பைப் பிடித்திருப்பவர் வழியாகத்தான் மின்சாரம் பூமிக்குப் போகும்.

அப்படியே கம்பம் தொட்டுவிட்டால், பிடித்திருப்பவரை இழுக்க ஓடக் கூடாது. கம்பி ஒருமுறை அணைந்ததும் செத்துவிட்டது என்றும் நம்பக் கூடாது. துணை மின்நிலையத்தில் மறுபடி இணைத்தால் உயிர் பெற்றுவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் இரு பாதங்களையும் சேர்த்து, தரையிலிருந்து எடுக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலக வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. லைன் அணைக்கப்பட்டதை அவர்கள் வாயால் கேட்கும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

அடுத்தது தரை. நம் வண்டல் களிமண் காலையில் கல்லாக இருக்கும், ஒரு மழை பெய்தால் குழைந்துவிடும். நான்கு பக்கத் தாங்குகால்களையும் முழுதாக இழுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அகலமான பலகை வைத்து, மட்டம் பார்த்த பிறகே கம்பத்தை ஏற்ற வேண்டும். கோடையிடி கேட்டாலோ காற்று வலுத்தாலோ கம்பத்தை இறக்கிவிட வேண்டும். ஏற்றிய கம்பத்தோடு வண்டியை நாலடி நகர்த்துவது பலருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

களத்தில் இந்த இயந்திரத்துக்கு இன்னொரு பகை வைக்கோல். நெல் தூசும் சுணையும் ரேடியேட்டரை அடைக்கும், ஏர் ஃபில்டரில் படியும், எஞ்சின் கொதிக்கும். சூடேறிய சைலன்சரில் தீப்பிடிக்க ஒரு கை வைக்கோல் போதும். வைக்கோற்போரிலிருந்து தள்ளி நிறுத்தி, தரையைப் பெருக்கி, கையெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பானை வையுங்கள். டீசல் ஊற்றுவதென்றால் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு ஊற்றுங்கள். ஓடும் எஞ்சினின் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுப்பவர்களை எழுப்பியும், மழைக்காக எஞ்சினைக் கொட்டகைக்குள் தள்ளுபவர்களை நிறுத்தியும் சொல்லுங்கள்: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எர்த் கம்பியை ஈரமண்ணில் ஆழ அடித்து இணைப்பதும், மின்கசிவைத் துண்டிக்கும் இஎல்சிபியின் பட்டனை அழுத்திச் சோதிப்பதும் ஐந்து நிமிட வேலை. ஜெனரேட்டரை விளக்கைத் தவிர வேறு வேலைக்கு இணைக்கும்போதும் கவனம் வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறி ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டா கிராமங்கள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றின. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் சொருகினால் மின்சாரம் பின்னோக்கி லைனுக்குப் போகும். எங்கோ கம்பத்தில் ஏறி நிற்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது.

பராமரிப்பில் பம்புசெட் ஓட்டியவர்களுக்குப் பெரும்பாலானது தெரிந்ததுதான்: டீசல் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, டேங்கைக் காலியாக ஓடவிட்டு ஏர் லாக் ஆக்காமல் இருப்பது, கையேடு சொல்லும் மணிக்கு ஆயில் மாற்றுவது. அது பல எஞ்சின்களுக்கு 250 மணி. புதிதாக வந்திருக்கும் சிக்கல் எல்.இ.டி. பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் நான்கும் சேர்ந்து 4,000 வாட் இழுக்கும். அந்த எஞ்சினிலேயே எல்.இ.டி.யை மாட்டினால் சுமை மூன்றில் ஒன்றாகிவிடும். குறைந்த சுமையில் நாள் கணக்காக ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எண்ணெயும் கரியும் படியும், புகை கறுக்கும். அவ்வப்போது வேறு சுமை கொடுத்து ஓட்ட வேண்டும், அல்லது சின்ன எஞ்சின் வாங்க வேண்டும். கம்பத்தை ஏற்றும் வின்ச்சின் எஃகு வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்றைக்குக் கம்பத்தை ஏற்றக் கூடாது.

2028-ல் பக்கத்துக் கும்பகோணத்தில் மகாமகம். குளக்கரைக்கும் வாகனத் திடல்களுக்கும் தற்காலிக விளக்குகள் நிறையவே தேவைப்படும். ஒப்பந்தப் படிவத்தில் எத்தனை வாட், எத்தனை நாள் என்பதோடு, ஒவ்வொரு டவருக்கும் பயிற்சி பெற்ற ஒரு ஆள், அவருடைய பெயர், அதைப் பகலில் நிறுத்திச் சோதித்த நேரம், மேலே கம்பி இல்லை என்று மின்வாரியப் பொறியாளர் இட்ட கையெழுத்து ஆகியவற்றையும் மாவட்ட நிர்வாகம் இப்போதே சேர்க்க வேண்டும்.