தாம்பத்தியத்துக்குச் சம்பள வரம்பு

பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் அந்நிய தேசத்துப் பெண்ணை மணந்து, அவளைத் தம் சொந்த ஊருக்கு அழைத்துச் சென்று குடித்தனம் நடத்த விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விவாகம் உண்மையானது, சட்டப்படி நடந்தது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இது போதுமென்று நம் வாசகர்கள் நினைக்கலாம். போதாது. வருஷத்துக்கு 29,000 ஸ்டர்லிங் பவுன் வருமானம் தமக்கு உண்டென்று சம்பளச் சீட்டுகளாலும் பாங்குக் கணக்காலும் அவர் ருஜுப்படுத்தியாக வேண்டும். அவருடைய சம்பளம் 28,000 பவுனாயின், மனைவிக்கு விஸா கிடைப்பது துர்லபம். கணவனை அழைத்துக்கொள்ள விரும்பும் மனைவிக்கும் இதுவே விதி. 2024 ஏப்ரல் 11-ந் தேதி அமலுக்கு வந்த ஏற்பாடு இது.

இந்த விதி திடீரென்று முளைத்ததல்ல. 2012 ஜூலை 9-ந் தேதி, தெரஸா மே உள்நாட்டு மந்திரியாக இருந்த காலத்தில், 18,600 பவுன் என்ற வரம்பு முதலில் வந்தது. முதற் குழந்தைக்கு 3,800 பவுனும், பின்னுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 பவுனும் மேற்கொண்டு காட்ட வேண்டியிருந்தது. இவ்வரம்பை வகுத்தால் மனுச் செய்பவர்களில் நூற்றுக்கு 45 பேர் தேற மாட்டார்களென்று சர்க்காரின் குடியேற்ற ஆலோசனைக் கமிட்டியே 2011-ல் கணக்கிட்டுச் சொல்லியிருந்தது. தெரிந்தே செய்த காரியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. 2023 டிசம்பரில் உள்நாட்டு மந்திரி ஜேம்ஸ் கிளெவர்லி ஒரே தாவலில் 38,700 பவுன் என்றார். கூக்குரல் எழவே, படிப்படியாக ஏற்றுவோமென்று இறங்கி வந்தார்கள். முதற் படி 29,000. குழந்தைகளுக்கான தனித் தொகை அப்போது நீக்கப்பட்டது. அடுத்த படி ஏறுமுன் 2024 ஜூலையில் மந்திரி சபை மாறிற்று. புதிய சர்க்கார் மேற்கொண்டு உயர்த்துவதை நிறுத்திவைத்து, விஷயத்தை மீண்டும் கமிட்டியிடம் விட்டது.

இவ்விதிக்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றே: வந்து சேருகிறவர்கள் பொதுப் பொக்கிஷத்துக்குப் பாரமாகக் கூடாது. இது அடியோடு தள்ளிவிடத்தக்க வாதமென்று நாம் சொல்லவில்லை. வரி கொடுக்கும் ஜனங்களுக்கு அப்படிக் கேட்க உரிமையுண்டு. ஆனால் அந்தப் பொக்கிஷத்துக்கு வேறொரு பூட்டு முன்பே போடப்பட்டிருக்கிறது. இந்த விஸாவில் வருகிறவருக்குப் பொது நிதியிலிருந்து உதவி பெறும் பாத்தியதை இல்லையென்று விஸாவிலேயே நிபந்தனை இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து நிரந்தர வாசம் கிடைக்கும்வரை அந்நிபந்தனை பொதுவாக நீங்காது. அதற்கு மேல், 2025 ஏப்ரல் விகிதப்படி மனுக் கட்டணம் 1,938 பவுன். வைத்திய வசதிக்கென்று முன்கூட்டியே கட்ட வேண்டியது 3,105 பவுன். வாசற்படியை மிதிக்குமுன் ஐயாயிரம் பவுனுக்கு மேல் பொக்கிஷத்தில் கொட்டிவிட்டு வருகிறவளைப் பாரமென்பது எந்தக் கணக்கு?

வருமானத்தைக் கணக்கிடும் முறையோ இன்னும் விசித்திரம். சென்னையிலோ கொழும்பிலோ டாக்டராகவோ எஞ்சினீயராகவோ உத்தியோகம் பார்க்கும் மனைவி எவ்வளவு சம்பாதித்தாலும், முதல் தடவை நுழைவதற்கான மனுவில் அது ஒரு காசாகக்கூட மதிக்கப்படுவதில்லை. அவள் அங்கே போய் என்ன சம்பாதிக்கக்கூடும் என்பதும் கணக்கில் வராது. தாய் தந்தையர் வீடு கொடுத்து உணவு கொடுத்துக் காப்பாற்றுகிறோமென்று எழுதித் தந்தாலும், விசேஷ சந்தர்ப்பங்களிலன்றி அது செல்லாது. சேமிப்பைக் காட்டலாமே என்றால், முதல் 16,000 பவுனைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை இரண்டரையால் வகுத்து எண்ணுகிறார்கள். ஆகவே வருமானமே இல்லாதவர் 88,500 பவுன் ரொக்கத்தை ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து காட்ட வேண்டும். அமெரிக்காவும் இப்படி ஜாமீன் கேட்கிற தேசந்தான். ஆனால் 1996-ம் வருஷச் சட்டப்படி அங்கே கேட்பது வறுமைக் கோட்டுக்கு மேல் கால் பங்கு வருமானம். அது இல்லாவிடில் மற்றொருவர் கூட்டு ஜாமீன் நிற்கலாம். தாராள குணத்துக்குப் பெயர் போகாத குடியேற்றச் சட்டத்திலேயே இவ்வளவு இடமிருக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது கூலிக் கணக்கு. பிரிட்டிஷ் சர்க்கார் சட்டப்படி நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, 21 வயது நிரம்பியவர்களுக்கு, 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ். வாரம் 40 மணி நேரம், வருஷத்தில் ஒரு வாரமும் விடாமல் உழைத்தாலும் இது 25,400 பவுனைத் தொடவில்லை. 29,000-ஐ எட்ட வாரம் ஏறக்குறைய 46 மணி உழைக்க வேண்டும். ஒரு மனிதன் வாழ இது போதிய கூலி என்று முதலாளிக்கு உத்தரவிடும் அதே சர்க்கார், அக்கூலி வாங்குகிறவனைப் பார்த்து, நீ மனைவியோடு வாழத் தகுதியற்றவன் என்கிறது! முதியோர் விடுதியில் கிழவர்களைக் குளிப்பாட்டிவிடும் பெண்ணும், கடையில் சாமான் அடுக்கும் பையனும், பாதி நாள் வேலை பார்த்துக் குழந்தை வளர்க்கும் தாயும் இவ்வரம்புக்குக் கீழே நிற்பவர்கள். சம்பளம் அதிகமான லண்டனுக்கும், சுரங்கங்கள் மூடி வாடிப்போன வட பகுதி ஊர்களுக்கும் ஒரே அளவுகோல். பெண்களின் சராசரி வருமானம் ஆண்களுடையதைவிடக் குறைவாயிருப்பதால், கணவனை அழைக்க விரும்பும் பெண்ணுக்கே அடி பலமாக விழுகிறது. ஊனமுற்றோருக்கான சில உதவித் தொகைகளைப் பெறுவோருக்கு இவ்வரம்பிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

விவாகத்தை எல்லைவாயிலில் நிறுத்தி எடைபோடும் வழக்கம் அத்தேசத்துக்குப் புதிதன்று. முன்பு ஆண்கள் தம் மனைவியரை எளிதில் அழைத்துக்கொள்ளலாம். பெண்கள் கணவரை அழைப்பது கஷ்டம். இது பாரபட்சமென்று 1985-ல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடிய மூன்று பெண்களில் ஒருவர், ஆப்பிரிக்காவின் மலாவியில் பிறந்த இந்திய வம்சத்தவர். சர்க்கார் என்ன செய்தது? பெண்களின் கஷ்டத்தை நீக்காமல், ஆண்களுக்கும் அதே கஷ்டத்தை வைத்துச் சமத்துவம் கண்டது! குடியேறுவதற்காகவே செய்துகொண்ட விவாகமல்ல என்று தம்பதிகளே நிரூபிக்க வேண்டுமென்ற விதி 1997 வரை நம் துணைக்கண்டத்துக் குடும்பங்களை வாட்டிற்று. மனத்தைச் சோதித்த காலம் போய், 2012-ல் பணப்பையைச் சோதிக்கும் காலம் வந்தது.

நம்மவர் இதைவிடக் கொடியதையும் கண்டதுண்டு. 1913-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் நீதிபதி ஸெர்ல், இந்தியர் தம் மத வழக்கப்படி செய்துகொண்ட விவாகங்கள் செல்லாவென்று தீர்ப்புச் சொன்னார். அதை எதிர்த்துக் கஸ்தூரிபாயோடு தமிழ்ப் பெண்களும் சிறை சென்றார்கள். சிறையில் கண்ட நோயால் 1914-ல் வள்ளியம்மை உயிர் நீத்தாள். அது நிறம் பார்த்த அநீதி. பிரிட்டனின் வரம்பு நிறம் பார்ப்பதில்லை. யார்க்‌ஷயர் வெள்ளைக்காரனையும் தடுக்கிறது. ஆயினும் கூலி குறைந்த தொழில்களில் யார் அதிகமாக இருக்கிறார்களோ, கடல் கடந்து பெண்ணெடுப்பதும் பெண் கொடுப்பதும் எந்தக் குடும்பங்களில் வழக்கமோ, அங்கேதான் அது ஓயாமல் கதவைத் தட்டும். லண்டனில் குடியேறி, யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. 2020 முடியும்வரை, பிரிட்டனில் உழைத்து வாழ்ந்த பிரெஞ்சுக்காரரோ போலந்துக்காரரோ இந்த வரம்பில்லாமலே மனைவியை அழைத்துக்கொள்ள முடிந்தது; ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அவருக்கு உரிமை அளித்தது. அத்தேசத்திலேயே பிறந்தவனுக்கு அது இல்லை. ஜெர்மனியிலோ அயர்லாந்திலோ சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் அவனுக்கும் உண்டு! 1992-ல் இவ்வழியைத் திறந்துவிட்டது சுரீந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கு. சொந்த தேசத்தில் மனைவியோடு வாழ அந்நிய தேசத்தில் குடியேறி வந்த ஆங்கிலேயர்கள் பலர்.

கோர்ட்டுகள் என்ன சொல்லின? லெபனானிலிருந்து வந்து அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் முதலானோர் தொடுத்த வழக்கில், 2013-ல் ஹைகோர்ட் நீதிபதி இவ்வரம்பு அளவு மீறியதென்றார். 2014-ல் அப்பீல் கோர்ட் அதை மாற்றியது. 2017 பிப்ரவரியில் ஸுப்ரீம் கோர்ட், விதியினால் அநேகருக்குத் துன்பம் உண்டென்று ஒப்புக்கொண்டபோதிலும், கொள்கையளவில் வரம்பு சட்டத்துக்கு விரோதமல்லவென்றது. ஆனால் குழந்தைகளின் நன்மையை விதிகள் போதிய அளவு கவனிக்கவில்லை யென்றும், பிற வருமான வழிகளைப் பார்க்கவே மறுப்பது சரியல்லவென்றும் கண்டித்தது. விசேஷ சந்தர்ப்பங்கள் என்ற சிறு சந்து திறந்தது இத்தீர்ப்பின் பயனே. அதற்குள், இங்கிலாந்தின் குழந்தைகள் கமிஷனர் 2015-ல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, சுமார் 15,000 குழந்தைகள் இவ்விதியால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். தகப்பனாரைக் கணினித் திரையில் மாத்திரமே காணும் குழந்தைகள் இவர்கள்.

ஆலோசனைக் கமிட்டியின் புதிய அறிக்கை 2025 ஜூனில் வெளிவந்தது. 38,700 என்பது அப்போது திறமை பெற்ற தொழிலாளருக்கான விஸாவுக்கு இருந்த அளவு. அதைக் கொண்டுவந்து குடும்பத்தின்மேல் பொருத்த யாதொரு காரணமும் தென்படவில்லையென்று கமிட்டி சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதிக்க வேண்டிய அவசியமில்லாமல் குடும்பம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள 23,000 முதல் 25,000 பவுன் வரை போதுமென்றும் கூறியது. இதுவும் நமக்கு முழுத் திருப்தியல்ல. எனினும் கமிட்டி சொன்ன அளவுக்கேனும் வரம்பை இறக்கட்டும். வருகிறவரின் சம்பாத்தியத்தை முதல் மனுவிலேயே சேர்த்து எண்ணட்டும். பெற்றோரின் ஜாமீனை அமெரிக்காவைப் போல் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். இம்மூன்றில் எதற்கும் புதிய பார்லிமெண்ட் சட்டம் தேவையில்லை. குடியேற்ற விதிகளில் சில வரிகளை உள்நாட்டு மந்திரி திருத்தினால் போதும்.