சாப்ட்வேர் வாங்கும் முன் தேவையை எழுதுங்கள்

"ஸ்டாக் பார்க்க ஒரு சாப்ட்வேர் வேண்டும். என்ன விலை?" சிறிய தொழிற்கூடம் நடத்துபவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். விற்பவர் டெமோ காட்டுவார். கலர் கலராக ரிப்போர்ட் வரும். பணம் கொடுத்து இன்ஸ்டால் செய்துவிடுவோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு, மேசை டிராயரில் உள்ள பழைய நோட்டில் இன்னொரு கணக்கு என இரண்டும் ஓடிக் கொண்டிருக்கும். இதில் பெரும்பாலும் சாப்ட்வேர் மீது குறை இருப்பதில்லை. நமக்கு என்ன வேண்டும் என்பதை நாம் எழுதித் தராததுதான் காரணம்.

பெரிய நிறுவனங்களில் இந்த வேலைக்கு ரிக்வயர்மெண்ட்ஸ் இன்ஜினியரிங் என்று பெயர். இதற்கென ஐ.எஸ்.ஓ. 29148 என்ற உலகத் தரக் குறிப்பு 2011ல் வந்து, 2018ல் திருத்தப்பட்டது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறு பட்டறைக்கு வேண்டியது நான்கு பக்கத்தில் அடங்கிவிடும்.

ஏன் ஓசூர்?

இதைப் புரிந்து கொள்ள ஓசூர் நல்ல எடுத்துக்காட்டு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும், உதிரி பாகம் செய்யும் சிறு யூனிட்டுகளும் உள்ள ஊர் இது. டி.வி.எஸ். மோட்டார் 2002ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசு மெஷினுக்கோ கம்ப்யூட்டருக்கோ தரப்படுவதல்ல. நிறுவனம் முழுவதும் வேலை நடக்கும் முறைக்குத் தரப்படுவது. முறை சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் உதவும்.

இன்னொரு காரணம் எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். ஓசூர் சிப்காட்டில் ஒரு யூனிட் லேத்தில் பாகங்களைக் கடைந்து, பிளேட்டிங் செய்ய பொம்மசந்திராவிற்கு அனுப்புவதாக வைத்துக் கொள்வோம். அங்கிருந்து திரும்பி வந்த பின் சோதித்து வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். இதற்கான தேவைகளை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.

1. நடப்பதை நடப்பது போல எழுதுங்கள்

முதலாளி சொல்வதை மட்டும் எழுதினால் போதாது. ஸ்டோர்ஸில் இருப்பவர், சோதிப்பவர், வண்டி ஓட்டுபவர் என எல்லாரிடமும் கேளுங்கள். ஒரு தாளில் ஆளுக்கு ஒரு கட்டம் போட்டு, பொருளும் தாளும் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அம்புக்குறி இடுங்கள்.

எடுத்துக்காட்டாக, 500 பாகங்கள் அனுப்பினோம். முதலில் 300 வந்தது, பிறகு 180 வந்தது. அதில் 12 ரிஜெக்ட். மீதி 20 எங்கே? ஸ்டோர்ஸ்காரர் இதை டெலிவரி சலானின் பின்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருப்பார். டெமோவில் இதைக் காட்டியிருக்க மாட்டார்கள். அந்தப் பென்சில் குறிப்புதான் உங்களுடைய முதல் தேவை.

2. சட்டம் கேட்பதைத் தனியாக எழுதுங்கள்

ஜாப் ஒர்க்கிற்காக வேறு மாநிலத்திற்குப் பொருள் அனுப்பினால், அதன் மதிப்பு 5,000 ரூபாய்தான் என்றாலும் இ-வே பில் வேண்டும். அதே பொருள் 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிருஷ்ணகிரிக்குப் போனால், தமிழ்நாட்டிற்குள் என்பதால் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில். கர்நாடக பிளேட்டிங் யூனிட் தரும் கூலி பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. வரும், கிருஷ்ணகிரி யூனிட்டின் பில்லில் மத்திய, மாநில ஜி.எஸ்.டி. இரண்டும் வரும்.

முக்கியமானது இதுதான். ஜாப் ஒர்க்கிற்கு அனுப்பிய மூலப் பொருளும், பாதி முடிந்த பாகமும் ஒரு வருடத்திற்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள், வட்டியும் சேரும். எனவே அந்த 20 பாகங்கள் வெறும் எண்ணிக்கைச் சிக்கல் அல்ல, பணச் சிக்கல். உங்கள் தொழிலுக்கு வேறு விதிகள் உண்டா என்று ஆடிட்டரிடமும் கேட்டு எழுதுங்கள்.

3. சோதிக்கக் கூடிய வாக்கியமாக எழுதுங்கள்

"ஜாப் ஒர்க் கணக்கு நன்றாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் அதைச் சோதிக்க முடியாது. கீழே உள்ளது போல எழுதிப் பாருங்கள்.

* ஒரு சலானில் போன பொருள் பல தவணையாக வந்தாலும், ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் பாக்கி எண்ணிக்கை தெரிய வேண்டும்.

* அனுப்பி 300 நாள் கடந்தும் பாக்கி உள்ள சலான்கள், புரோகிராமைத் திறந்தவுடன் பட்டியலாக வர வேண்டும்.

* வேறு மாநிலத்து ஜாப் ஒர்க் என்றால், இ-வே பில் எண் பதியாமல் கேட் பாஸ் பிரிண்ட் ஆகக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் "ஆம், செய்கிறது" அல்லது "இல்லை" என்று பதில் சொல்ல முடிகிறதல்லவா? அதுதான் நல்ல தேவையின் அடையாளம். கூடவே, இது இல்லாமல் முடியாது, இருந்தால் நல்லது என இரண்டாகப் பிரித்துவிடுங்கள். விலை பேசும்போது உதவும்.

4. மாறக் கூடியதைக் குறித்து வையுங்கள்

தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் வந்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்து அதை மாற்றியது. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கிற்கு இ-வே பில் வந்தது. அதில் ஒரு நாளுக்கு 100 கிலோமீட்டர் என்றிருந்த கணக்கு, 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டர் ஆனது. எனவே வரி விகிதம், தொகை வரம்பு, நாள் கணக்கு ஆகியவற்றை செட்டிங்ஸ் பகுதியில் நாமே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்திற்கும் விற்றவரையே கூப்பிட வேண்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

5. உங்கள் டேட்டாவைக் கொண்டு போங்கள்

டெமோவிற்குப் போகும்போது பழைய சலான்கள் பத்து எடுத்துச் செல்லுங்கள். எளிதானவை வேண்டாம், பாதி திரும்பியது, ரிஜெக்ட் ஆனது, ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து நேராக அடுத்தவரிடம் போனது எனச் சிக்கலானவையாக இருக்கட்டும். அவற்றை உங்கள் எதிரிலேயே பதியச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வாருங்கள்.

6. முதலில் எக்ஸெலில் ஒரு மாதம்

பணம் செலவழிக்கும் முன் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். ஒரு ஷீட்டில் சலான் எண், தேதி, பார்ட்டி, அனுப்பிய எண்ணிக்கை. இன்னொரு ஷீட்டில், திரும்பி வரும் ஒவ்வொரு தவணையும் தனி வரிசை. சலான் எண்ணை வைத்து சம்இஃப் பங்ஷனில் கூட்டினால் வந்தது எவ்வளவு என்று தெரியும். அனுப்பியதிலிருந்து அதைக் கழித்தால் பாக்கி கிடைக்கும். கண்டிஷனல் பார்மேட்டிங் மூலம் 300 நாள் தாண்டிய வரிசையைச் சிவப்பாக்கலாம். இந்த ஒரு மாதத்தில் நீங்கள் எழுத மறந்த தேவைகள் தானாக வெளியே வரும். சிலருக்கு இந்த ஷீட்டே போதும் என்றும் தெரிய வரலாம்.

இவ்வாறு எழுதிய நான்கு பக்கத்தில் நீங்களும் விற்பவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். இன்றே ஒரு வேலை செய்யலாம். டிராயரில் உள்ள பழைய சலான்களை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.